கண்ணின் நிறம் சாட்சி சொல்லாது

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது ஜாடையைத்தான். மூக்கு அப்பாவுடையது, நெற்றி பாட்டியுடையது என்று பங்கு பிரித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். கண்ணும் முடியும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும்வரை நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழந்தைக்குப் பூனைக்கண்ணோ செம்பட்டை முடியோ அமைந்துவிட்டால் பேச்சின் தொனி மாறுகிறது. “எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்லையே” என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்களின் பார்வை குழந்தையைப் பெற்றவள் பக்கம் திரும்பும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. தாய் தந்தை இருவருக்கும் நீலக்கண் இருக்கும்போது பிள்ளைக்கு எப்படிப் பழுப்புக்கண் வந்தது என்று கேட்கிறார்கள்.

இந்தச் சந்தேகத்துக்குப் பள்ளிப் பாடம் ஒன்றும் துணை நிற்கிறது. ‘பழுப்பு ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு, ஒரே மரபணு இதைத் தீர்மானிக்கிறது’ என்ற பாடம் அது. நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் இந்த விதியில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் ஒரு குடும்பத்தின்மேல் இந்த விதியைப் போட்டுப் பார்ப்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

விதி பிறந்த கதை

மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1900ஆம் ஆண்டில் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. செடியில் கண்ட ஒழுங்கு மனிதரிடமும் உண்டா என்று அறிஞர்கள் ஆவலோடு தேடத் தொடங்கினார்கள். ரத்தம் எடுக்காமல், கருவி இல்லாமல், பார்த்தவுடன் குறித்துக்கொள்ளக்கூடிய பண்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. கண்ணின் நிறம் அதற்கு வாகாக இருந்தது.

அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட்டும் அவருடைய மனைவி கெர்ட்ரூடும் 1907இல் கண் நிறத்தின் மரபு பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். மறு ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸ் ஹர்ஸ்ட் அதே முடிவுக்கு வந்தார். ஆர்க்கிட் செடிகளைக் கலப்பினம் செய்வதில் தேர்ந்த அவர், லெஸ்டர்ஷயரில் தம் ஊரான பர்பேஜில் பிள்ளைகளின் கண்களையும் பெற்றோரின் கண்களையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டார். கண்ணின் வண்ண வளையத்தின் முன்பக்கத்தில் பழுப்பு நிறமி கொஞ்சமாவது தென்படுகிறதா, அறவே இல்லையா என்பதே அவருடைய பிரிவினை. நிறமி இல்லாத பெற்றோர் இருவருக்கும் நிறமி இல்லாத பிள்ளைகளே பிறந்ததாக அவர் எழுதினார்.

கணக்கு எளிமையானது. ஒவ்வொருவரும் ஒரு மரபணுவின் இரண்டு படிகளை வைத்திருக்கிறோம், ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பழுப்பின் படி ஒன்று இருந்தாலே கண் பழுப்பாகும். நீலமாக வேண்டுமானால் இரண்டுமே நீலத்தின் படிகளாக இருக்க வேண்டும். பழுப்புக்கண் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு நீலப்படியை மறைவாக வைத்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நீலக்கண் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. நீலக்கண் பெற்றோரிடம் கொடுப்பதற்குப் பழுப்பே இல்லை, ஆகவே அவர்களுக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறக்க முடியாது. விதியின் இந்தக் கடைசி வரிதான் பல வீடுகளில் விஷமாக வேலை செய்தது.

கண்ணுக்குள் நீல நிறமி கிடையாது

கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தின் பெயர் ஐரிஸ். அதன் பின்புறத்தில் நிறமி அடர்ந்த படலம் ஒன்று இருக்கிறது. நிறமி சரியாக உருவாகாத அல்பினிசம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களைத் தவிர எல்லோருக்கும் அது கருமையாகவே இருக்கும். வேறுபாடு முன்னடுக்கில் வருகிறது. அங்குள்ள மெலனோசைட் என்ற செல்கள் மெலனின் நிறமியை உண்டாக்கிச் சிறுசிறு பொதிகளில் சேர்த்துவைக்கின்றன. பழுப்புக்கண்ணிலும் நீலக்கண்ணிலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றில் சேர்ந்திருக்கும் மெலனின் எவ்வளவு, எந்த வகை என்பதுதான் மாறுகிறது.

மெலனின் நிறைந்த ஐரிஸ், விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் பழுப்பாகவோ கருமையாகவோ தெரிகிறது. மெலனின் மிகக் குறைந்த ஐரிஸில் ஒளி நுண்ணிழைகளில் பட்டுச் சிதறுகிறது. குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி அதிகமாகச் சிதறித் திரும்பி வருவதால் கண் நீலமாகத் தோன்றுகிறது. பச்சையும் தேன்நிறமும் சாம்பலும் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே வருபவை.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது ‘நீலம்’, ‘பழுப்பு’ என்ற முத்திரை அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். எவ்வளவு மெலனின் செய்ய வேண்டும் என்பதற்கான பல கட்டளைகள் போகின்றன. அளவில் கூடுவதும் குறைவதுமான ஒன்றை ஹர்ஸ்ட் காலத்தவர் இரண்டு பெட்டிகளில் அடைத்தார்கள்.

15ஆம் குரோமோசோமில் ஓர் எழுத்து

அந்தக் கட்டளைகளில் வலிமை மிக்கது 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே ஓசிஏ2, ஹெர்க்2 என்ற இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மெலனின் பொதிக்குள் அமிலத்தன்மையைச் சரியான அளவில் வைத்திருக்க உதவும் புரதத்தை ஓசிஏ2 உண்டாக்குகிறது. பொதியில் அமிலம் மிகுந்தால் மெலனினைத் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதி மந்தமாகிவிடும்.

நீலக்கண்ணுக்குக் காரணம் ஓசிஏ2வுக்குள் இருக்கும் என்றே பல ஆண்டுகள் தேடினார்கள். 2008இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஐபர்க் குழுவும், ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இருந்த வேறு குழுக்களும் விடையைப் பக்கத்து மரபணுவில் கண்டன. ஹெர்க்2வின் 86ஆம் இன்ட்ரானில், அதாவது புரதம் செய்யப் பயன்படாத ஒரு பகுதியில், ‘ஏ’ என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’ இருந்தது. அந்த இடம் ஓசிஏ2வின் தொடக்கத்திலிருந்து சுமார் 21,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது.

இவ்வளவு தொலைவிலுள்ள ஓர் எழுத்து எப்படி வேலை செய்கிறது? 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். ‘ஏ’ இருக்கும்போது சில புரதங்கள் அந்த இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. டிஎன்ஏ வளைந்து, அந்த இடம் ஓசிஏ2வின் தொடக்கத்தைத் தொடுகிறது, மரபணு முழு வேகத்தில் இயங்குகிறது. ‘ஜி’ வந்துவிட்டால் பிடிமானம் தளர்கிறது, வளைவு சரியாக அமைவதில்லை, ஓசிஏ2வின் உற்பத்தி குறைகிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாயின் திருகு இறுகிப்போனதுபோல, மரபணு பழுதில்லாமல் இருந்தும் அதன் வேலை மட்டுப்படுகிறது.

ஐபர்க் குழு டென்மார்க்கில் ஆராய்ந்த 155 நீலக்கண்ணரிடமும், துருக்கியிலும் ஜோர்டானிலும் ஆராய்ந்த சிலரிடமும் இந்த எழுத்தைச் சுற்றியுள்ள டிஎன்ஏ ஒரே மாதிரியாக இருந்தது. அந்த மாற்றம் 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரிடமிருந்து பரவியிருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஸ்பெயினின் லா பிரான்யா குகையில் கிடைத்த சுமார் 7,000 ஆண்டுப் பழைமையான வேட்டைக்காரரின் டிஎன்ஏ 2014இல் வெளியானபோது இன்னொரு செய்தியும் தெரியவந்தது. அவரிடம் நீலக்கண்ணின் வடிவம் இருந்தது, தோலை வெளிறச் செய்யும் முக்கிய மாற்றங்கள் இல்லை. கருந்தோலும் நீலக்கண்ணும் ஒரே உடலில் கூடியிருந்திருக்கின்றன. கண்ணும் தோலும் முடியும் ஒன்றாகத்தான் மாற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

விதி உடையும் இடங்கள்

இந்த ஓர் எழுத்தை மட்டும் வைத்தே ஐரோப்பியரிடம் நீலமா பழுப்பா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். பள்ளிப் பாடம் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது ‘எப்போதும்’ ஆகிவிடாது. இரண்டு ‘ஜி’ இருந்தும் பழுப்புக்கண் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒரு ‘ஏ’ இருந்தும் நீலக்கண் உள்ளவர்களும் இருக்கிறார்கள். நிறமி உற்பத்தியில் மற்ற மரபணுக்களுக்கும் பங்கிருப்பதே காரணம். 2021இல் வெளியான ஆய்வு சுமார் 1,95,000 பேரின் டிஎன்ஏவை அலசி, கண் நிறத்தோடு தொடர்புள்ள 61 இடங்களைக் காட்டியது. ஆசியர்களின் கண்ணில் காணும் பழுப்பின் வெவ்வேறு அடர்த்திகளுக்கும், ஐரோப்பியரிடம் கரும்பழுப்பு முதல் வெளிர்நீலம் வரை காணும் நிறங்களுக்கும் பின்னால் இருக்கும் மரபணு அமைப்பு ஒத்திருக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. நம் கண்கள் எல்லாம் ஒரே நிறம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு.

நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறப்பது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள அல்பினிசம் நல்ல வழிகாட்டி. 1952இல் கண் மருத்துவர் டிரெவர்-ரோப்பர், அல்பினிசம் உள்ள ஆணும் பெண்ணும் மணந்து இயல்பான நிறமியுள்ள பிள்ளைகளைப் பெற்றதைப் பதிவுசெய்தார். அல்பினிசம் ஒடுங்கு பண்பு. பழைய விதிப்படி இது நடக்கவே கூடாது. ஆனால் ஒருவரின் பழுது ஒரு மரபணுவிலும், மற்றவரின் பழுது வேறொரு மரபணுவிலும் இருந்தால் கணக்கு மாறிவிடும். எடுத்துக்காட்டாக, தாய்க்கு 11ஆம் குரோமோசோமிலுள்ள டைரோசினேஸ் மரபணு பழுது, தந்தைக்கு 15ஆம் குரோமோசோமிலுள்ள ஓசிஏ2 பழுது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து நல்ல டைரோசினேஸ் படி ஒன்றும், தாயிடமிருந்து நல்ல ஓசிஏ2 படி ஒன்றும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் மெலனின் தடையின்றி உருவாகும். நீலக்கண்ணிலும் இதுவே நடக்கலாம். இருவருக்கும் தெரியும் நிறம் ஒன்று, காரணம் வேறு. பிள்ளையிடம் ஒருவரின் குறையை மற்றவரின் படி ஈடுசெய்துவிடுகிறது.

தமிழ்க் குடும்பத்தில் திடீரென்று தோன்றும் பூனைக்கண்ணுக்கு வருவோம். ஹெர்க்2வின் ‘ஜி’ வடிவம் தெற்காசியாவிலும் குறைந்த அளவில் இருக்கிறது. அது ஒற்றைப் படியாகத் தலைமுறை தலைமுறையாக யார் கண்ணிலும் தெரியாமல் கைமாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்திருக்கும் இருவர் மணக்கும்போதுதான் வெளியே வர வாய்ப்பு ஏற்படுகிறது. சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்தவர்களின் பிள்ளைக்கு, ஏதேனும் ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே மூதாதையின் ஒரே படியிலிருந்து வந்து சேர்வதற்கு 16இல் ஒரு வாய்ப்பு. தாய்மாமனை மணந்தால் 8இல் ஒன்று. ஆகவே பரம்பரையில் யாருக்கும் இல்லாத நிறம் பிள்ளைக்கு வந்தால் அது இரண்டு வீட்டிலும் மறைந்திருந்தது வெளிப்பட்டதாக இருக்கலாம். எவரோ வெளியாள் கொண்டுவந்ததாக நினைக்க அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

முடியின் கணக்கு

முடியில் இரண்டு வகை மெலனின் உண்டு. யூமெலனின் கறுப்பும் பழுப்பும் தருவது, ஃபியோமெலனின் சிவப்பும் மஞ்சளும் தருவது. யூமெலனின் அடர்ந்தால் கருமுடி. இரண்டுமே குறைந்தால் பொன்முடி. ஃபியோமெலனின் மேலோங்கினால் செம்முடி.

எந்த வகை உருவாக வேண்டும் என்பதில் 16ஆம் குரோமோசோமிலுள்ள எம்சி1ஆர் மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு. அதன் ஏற்பி செயல்பட்டால் செல் யூமெலனின் பக்கம் திரும்பும். இந்த மரபணுவின் மாற்றங்களுக்கும் செம்முடிக்கும் உள்ள தொடர்பு 1995இல் பிரிட்டனில் வெளியானது. செம்முடிக்கு எம்சி1ஆரின் இரண்டு படிகளும் மாறியிருக்க வேண்டும், ஆகவே இது ஒடுங்கு பண்பு என்று அப்போது கருதினார்கள். 2018இல் யூகே பயோபேங்க் என்ற பிரிட்டன் உடல்நலத் தரவுத்தொகுப்பில் சுமார் 3,50,000 பேரை ஆராய்ந்தபோது வேறொரு செய்தி வந்தது. இரண்டு படிகளும் மாறியிருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் செம்முடி இல்லை. வேறு எட்டு மரபணுக்களும் அந்த நிறத்தோடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது. ஒற்றை மரபணுவின் கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று கருதப்பட்ட செம்முடியே கூட்டுவேலையின் விளைவாகிவிட்டது.

பொன்முடியின் கதை இன்னும் ஆழமானது. வட ஐரோப்பாவில் அதற்குக் காரணமான மாற்றங்களுள் ஒன்று 12ஆம் குரோமோசோமில் கிட்லிக் மரபணுவிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. டேவிட் கிங்ஸ்லி குழு 2014இல் அதைக் காட்டியது. ஒரே எழுத்து மாறியதால் அந்த மரபணுவின் வேலை மயிர்க்காலில் சுமார் 20 சதவீதம் குறைகிறது. அந்தச் சிறு குறைவே முடியின் நிறத்தை வெளிறச் செய்யப் போதுமானதாக இருக்கிறது.

பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் மக்களின் தோல் அடர்கருமை. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, பளிச்சென்ற பொன்முடி. வெயிலும் உப்புநீரும் காரணம் என்றார்கள், மீன் உணவு என்றார்கள், ஐரோப்பிய மாலுமிகளின் கலப்பு என்றும் சொன்னார்கள். 2012இல் ஐமியர் கென்னி, ஷான் மைல்ஸ், கார்லோஸ் புஸ்தமாந்தே உள்ளிட்ட குழு, பொன்முடியுள்ள 43 பேரையும் கருமுடியுள்ள 42 பேரையும் ஒப்பிட்டது. விடை 9ஆம் குரோமோசோமில் டிஒய்ஆர்பி1 மரபணுவில் இருந்தது. அதன் புரதத்தில் 93ஆம் இடத்தில் அர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் வந்திருந்தது. இரண்டு படிகளிலும் இது இருந்தால் முடி பொன்னிறமாகிறது. இந்த வடிவம் ஐரோப்பியரிடம் இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நிறம் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு வெவ்வேறு வழிகளில் தோன்றியிருக்கிறது. ‘மாலுமி வந்து போனார்’ என்ற கதையால் எத்தனை தலைமுறைத் தாய்மார்களின்மேல் பழி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மரபு அல்லாத காரணங்கள்

எல்லா நிற மாற்றமும் பெற்றோரிடமிருந்து வருவதும் இல்லை. ஐரோப்பிய வழிக் குழந்தைகள் பலர் வெளிர்நீலக் கண்ணோடு பிறக்கிறார்கள். பிறகு மெலனின் சேரச் சேர அவர்களில் சிலரின் கண் பழுப்பாகிறது. பொன்முடிக் குழந்தை வளர வளரப் பழுப்புமுடிக்காரராவதும் அங்கே சகஜம். கண்நீர் அழுத்த நோய்க்குத் தரப்படும் லாட்டனோப்ராஸ்ட் சொட்டுமருந்து ஐரிஸைக் கருமையாக்கக்கூடும்.  

நம் ஊரில் செம்பட்டை முடி என்றதும் பரம்பரையைத் தேடுவதற்கு முன் குழந்தையின் தட்டைப் பார்க்க வேண்டும். புரதம் போதாத கடும் ஊட்டக்குறைவில் முடி மெலிந்து செம்பட்டையாகும். நல்ல உணவு கிடைத்த பிறகு முளைக்கும் முடி கறுப்பாகவே வரும். கர்ப்பிணி குங்குமப்பூப் பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு இதில் எந்த இடமும் இல்லை. நிறமிக்கான கட்டளைகள் கரு உருவான நொடியிலேயே எழுதப்பட்டுவிட்டன. எந்தப் பூவும் அவற்றைத் திருத்தாது.

நிறத்தை அளந்தவர்கள்

நிறத்தின் மரபு பற்றிய அரைகுறை அறிவு வீட்டோடு நின்றுவிடவில்லை. கண் நிறத்தில் தொடங்கிய டேவன்போர்ட் 1910இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் யூஜெனிக்ஸ் (இனமேம்பாட்டு) பதிவு அலுவலகத்தைத் தொடங்கினார். கண்ணைப் போலவே வறுமை, குற்றம், அறிவுக்குறைவு எல்லாம் எளிய விதிப்படி இறங்கும் என்று அங்கே நம்பினார்கள். அதன் மேற்பார்வையாளர் ஹாரி லாஃப்லினின் வாதங்கள் 1924ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்கும், கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கும் வலுச் சேர்த்தன. அந்த அலுவலகம் 1939இல்தான் மூடப்பட்டது.

ஜெர்மனியில் நிலைமை இன்னும் கொடியதாயிற்று. இத்தனைக்கும் உண்மை அங்கே முன்பே எண்ணிக் காட்டப்பட்டிருந்தது. மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோ சுமார் 67.6 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண், முடி, தோல் நிறத்தைப் பதிவுசெய்யச் செய்து 1886இல் முடிவை வெளியிட்டார். நீலக்கண்ணும் பொன்முடியும் வெண்தோலும் சேர்ந்த ‘தூய’ தோற்றம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் கலப்புத் தோற்றத்தினர். யூதப் பிள்ளைகளில் 11 சதவீதம் பேருக்கு அதே பொன்னிறத் தோற்றம் இருந்தது. நிறத்தை வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த எண்களைப் புறக்கணித்த நாஜி ஆட்சியில், இரண்டு கண்ணும் இரண்டு நிறமாக அமைந்த, ரோமா மக்களின் சின்டி பிரிவினர் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். முகாம் மருத்துவர் மெங்கலே அனுப்பிய அவர்களுடைய கண்கள், பெர்லினில் கண் நிறத்தை ஆராய்ந்த காரின் மாக்னுசனிடம் போய்ச் சேர்ந்தன. கண் நிறத்தின் வரலாற்றை எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

இன்று டிஎன்ஏவிலிருந்து நிறத்தைக் கணிக்க முடிகிறது. 2011இல் மான்ஃபிரெட் கைசர், சூசன் வால்ஷ் குழு உருவாக்கிய ஐரிஸ்பிளெக்ஸ் முறை ஆறே இடங்களைப் பார்த்து நீலமா பழுப்பா என்று சொல்கிறது. லெஸ்டரில் 2012இல் தோண்டி எடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பை இத்தகைய முறையில் சோதித்தார்கள். நீலக்கண் இருந்திருக்க 96 சதவீதமும் பொன்முடி இருந்திருக்க 77 சதவீதமும் வாய்ப்பு என்ற விடை வந்தது. டிஎன்ஏவையே நேரில் படித்த பிறகும் விடை சதவீதத்தில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவிலுள்ள பச்சை, தேன்நிறக் கண்களில் கணிப்பு மேலும் தடுமாறுகிறது. ஆய்வகமே இப்படி அடக்கமாகப் பேசும்போது, தொட்டிலருகே நின்று பார்ப்பவர் தீர்ப்புச் சொல்ல இடமே இல்லை.

கண் நிறம் தந்தை யார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே விடை வேண்டுமென்றால் அதற்கென்று டிஎன்ஏ சோதனை இருக்கிறது, நிறத்தை வைத்து யாரும் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. குழந்தையின் இரண்டு கண்ணும் இரண்டு நிறமாகவோ, பளிச்சென்ற நீலமாகவோ இருந்து, நெற்றிக்கு மேல் ஒரு கொத்து முடி வெளுத்திருந்தால், நெதர்லாந்து மருத்துவர் வார்டன்பர்க் 1951இல் விவரித்த பரம்பரைக் குறைபாடாக அது இருக்கலாம். கண்ணுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே மெலனோசைட் செல்கள் உள்காதின் வேலைக்கும் தேவை. அவை போய்ச்சேரத் தவறினால் பிறவியிலேயே காது கேளாமல் போகக்கூடும். அந்தக் குழந்தைக்கு முதல் மாதங்களிலேயே செவித்திறன் சோதனை செய்துவிட்டால் பேச்சையும் படிப்பையும் காப்பாற்றலாம். கண் ஒளியில் மிகவும் கூசினால், முடியும் தோலும் வெளிறியிருந்தால், அல்பினிசம் இருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்க்க வேண்டும். முடி செம்பட்டையாகி உடல் மெலிந்தால் ஊட்டச்சத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வகுப்பறையில் பட்டாணியின் நிறத்தைச் சொல்லி மெண்டலைக் கற்பிக்கட்டும், அது அவருடைய செடி, அங்கே விதி துல்லியமாக நிற்கிறது. மனிதக் கண்ணைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஓர் அளவைத் தீர்மானிக்கும் பண்புக்கு உதாரணமாகக் கற்பிக்க வேண்டும். பாடத்தை அப்படித் திருத்திப் படித்த மாணவன் நாளை தன் வீட்டில் பூனைக்கண் குழந்தை பிறந்தால் குழந்தையின் தாயைக் கேள்வி கேட்க மாட்டான், குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பான்.